வலை காயப்போடுற ஊரு

2024 அக்டோபர் மாசம் லெபனான்ல சூர்ங்கிற கடலோர ஊர் மேல இஸ்ரேல் விமானங்க குண்டு போட்டுச்சு, நியூஸ்ல பாத்திருப்பீங்க. அன்னைக்கு ராத்திரி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா ஒரு வீடியோ போட்டாரு. கட்டடங்களுக்கு நடுவுல இருந்து சாம்பல் கலர்ல புகை எழும்பி வருது, கீழ மஞ்சள் எழுத்துல "எசேக்கியேல் 26 நம் கண்முன் நிறைவேறுகிறது", பின்னாடி கீபோர்டுல சோகமா ஒரு மியூசிக். அரை மணி நேரத்துல பதினாலு ஆமென். பெரியம்மா ஒருத்தங்க "வருகை சமீபம்"னு (இயேசு திரும்ப வர்றதைச் சொல்றாங்க) போட்டு கை கூப்புற எமோஜி, மச்சான் ஒருத்தன் தம்ஸ் அப். நான் நீளமா ஒரு பதில் டைப் பண்ணேன், அழிச்சேன், திரும்ப டைப் பண்ணேன், திரும்ப அழிச்சேன். சித்தப்பாகிட்ட மல்லுக்கு நிக்கிற வயசெல்லாம் தாண்டியாச்சு, அவரும் பைபாஸ் பண்ணி வந்து ஆறு மாசம்தான் ஆவுது. அன்னைக்கு அழிச்ச பதிலைத்தான் இங்க எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

சூர்னா வேற எதுவும் இல்ல, நம்ம பைபிள்ல வர்ற தீரு. தீரு சீதோன்னு ஜோடியாவே சொல்லிப் பழகின அதே தீரு. சாலொமோன் ஆலயம் கட்டுறப்ப ஈராம் ராஜா கேதுரு மரம் அனுப்பினாரே, அந்த ஊரு. எசேக்கியேல்ங்கிற தீர்க்கதரிசி தன் புஸ்தகத்துல 26ஆம் அதிகாரத்துல, இந்த ஊரு இடிஞ்சு வெறும் பாறையாகி வலை காயப்போடுற இடமாகும், இனிக் கட்டப்படாதுன்னு சொல்லியிருக்காரு.

இந்த ஊரை நான் முதல்ல ஒழுங்கா கேள்விப்பட்டது 1991ல. வளைகுடா யுத்த சமயம். நான் ஒம்பதாங்கிளாஸ். சதாம் உசேன் பாபிலோனைத் திரும்பக் கட்டுறாரு, செங்கல்லுல தன் பேரைப் பொறிச்சு வைக்கிறாரு (அது நிஜமாவே நடந்ததுதான்), இவர்தான் புது நேபுகாத்நேச்சாருன்னு, அதாவது எருசலேமைப் பிடிச்ச பழைய பாபிலோன் ராஜா மாதிரின்னு, சபைகள்ல ஒரே பேச்சு. தூத்துக்குடியில மூணு நாள் கன்வென்ஷன், வெளியூர்ல இருந்து பிரசங்கியார், பேரு வேண்டாம். மைதானம் நிறைய ஜனம், டியூப்லைட்டைச் சுத்தி பூச்சி, மணல்ல சாக்கு விரிச்சு ஆச்சியும் நானும் உக்காந்திருக்கோம். ரெண்டாம் நாள் தலைப்பு "நிறைவேறின தீர்க்கதரிசனங்கள்". அதுல நாப்பது நிமிஷம் தீருவுக்கே போச்சு. எசேக்கியேல் என்ன சொன்னாரு, நேபுகாத்நேச்சார் வந்தான், அலெக்சாண்டர் வந்தான், கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடல்ல போட்டான், சொன்னது சொன்னபடி நடந்துச்சுன்னு மனுஷன் படம் ஓட்டுற மாதிரி சொன்னாரு. கடைசியில மைக்கைக் கிட்ட வச்சுக்கிட்டு, கடலுக்கே ராணியா இருந்த பட்டணம் இன்னைக்கு என்ன தெரியுமா, வலை காயப்போடுற இடம், வெறும் வலை காயப்போடுற இடம்னு ரெண்டு தடவை கத்துனாரு. கூட்டமே அல்லேலூயா போட்டுச்சு.

எங்க அப்பாவுக்கு திரேஸ்புரம் பக்கத்துல வலை நூல் கடை. நைலான் நூல், ஈயக்குண்டு, மிதவை எல்லாம் விப்பாரு. வலை காயிற மணலைத் தாண்டித்தான் நான் தினம் ஸ்கூலுக்குப் போவேன். ஆச்சி என் காதுகிட்ட குனிஞ்சு, "வலை காயிற ஊருல அடுப்பு எரியும்லா, இதுல என்ன சாபம்?"னு கேட்டா. சத்தமாத்தான் கேட்டா, முன்னாடி உக்காந்திருந்த ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க.

ஆனா எனக்கு அன்னைக்கு மயிர்க்கூச்செரிஞ்சது. அதை மறைக்க மாட்டேன். ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எழுதி வச்சது அப்படியே நடந்திருக்குன்னா, மீதி எல்லாமும் நடக்கும்தானே. வீட்டுக்கு வந்து பைபிளை எடுத்து 26 படிச்சேன், 27 படிச்சேன், 28 படிச்சேன். நிறுத்தியிருக்கலாம். 29ம் படிச்சுட்டேன்.

அங்க 18ஆம் வசனத்துல, தீருவுக்கு முன்னாடி நேபுகாத்நேச்சார் தன் சேனையைப் போட்டுப் பிழிஞ்சான், எல்லார் தலையும் மொட்டையாச்சு, எல்லார் தோளும் தோல் உரிஞ்சுது, ஆனா அவனுக்கும் கூலி கிடைக்கல, அவன் சேனைக்கும் கூலி கிடைக்கலன்னு போட்டிருக்கு. அதுக்குப் பதிலா எகிப்தை அவனுக்குக் கூலியாத் தர்றேன்னு அடுத்த வசனம். எனக்குத் தலை சுத்திருச்சு. 26ஆம் அதிகாரத்துல இதே நேபுகாத்நேச்சார் குதிரைங்களோட வந்து, மதிலை இடிச்சு, வீதியெல்லாம் குளம்பால மிதிச்சு, ஜனத்தை வாளால வெட்டுவான்னு சொல்லியிருக்கே. வெட்டியிருந்தா கூலி ஏன் கிடைக்கல?

எங்க தெருவுல ரிட்டையர்டு உபதேசியார் ஒருத்தர் இருந்தாரு, எல்லாருக்கும் உபதேசியார் தாத்தா. மறுநாளே பைபிளைத் தூக்கிட்டு அவர்கிட்ட ஓடுனேன். கண்ணாடியை மாட்டி, விரலை வச்சு ரெண்டு வாட்டி வாசிச்சாரு.

"ஆமா. கிடைக்கலன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நேத்து பிரசங்கியார் இதைச் சொல்லலையே தாத்தா?"

"நேரம் இருந்திருக்காதுலே."

எனக்குக் கோவம் வந்துச்சு. அவரு சிரிக்கவே இல்ல. ரெண்டு அதிகாரத்துக்கும் தலைப்புல இருக்கிற வருஷத்தைப் பாருன்னாரு. 26ஆம் அதிகாரம் பதினோராம் வருஷம்னு ஆரம்பிக்குது, 29ல இந்தப் பகுதி இருபத்தேழாம் வருஷம்னு ஆரம்பிக்குது. நடுவுல பதினாறு வருஷம். "எசேக்கியேலு நினைச்சிருந்தா முதல் ஏட்டைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்லா. இல்லாட்டி ரெண்டாவதை எழுதாமலாச்சும் இருந்திருக்கலாம். ஏன் ரெண்டையும் வச்சாருன்னு யோசிச்சுட்டு வா." யோசிச்சுட்டுப் போறதுக்குள்ள அவரு போய்ச் சேந்துட்டாரு. 

சரி, கதைக்கு வருவோம். தீருன்னா அந்தக் காலத்துல ரெண்டு ஊரு. கரையில ஒண்ணு, பழைய தீருன்னு கிரேக்கங்க சொல்லுவாங்க. கரைக்கு முக்கால் கிலோமீட்டர் தள்ளி கடலுக்குள்ள ஒரு தீவு, அதுலதான் அசல் பட்டணம், மதிலு, கோயிலு, ரெண்டு துறைமுகம். ஊர் பேருக்கே பாறைன்னுதான் அர்த்தம். சங்கை உடைச்சு எடுக்கிற சாயம், நம்ம பைபிள்ல இரத்தாம்பரம்னு வருதே, அதுல கொழிச்ச ஊரு. ஆப்பிரிக்காக் கரையில கார்த்தேஜை உண்டாக்குனதே இவங்கதான். எருசலேம் பாபிலோன் கையில விழுந்த சமயம், கிமு 586 ஒட்டி, எசேக்கியேல் பாபிலோன்ல கேபார் ஆத்தங்கரையில அகதியா இருந்துக்கிட்டு இந்த ஊரைப் பத்திப் பேசுறாரு. அதுக்கப்புறம் நேபுகாத்நேச்சார் வந்து 13 வருஷம் முற்றுகை போட்டான்னு யோசேப்பஸ்ங்கிற பழைய யூத சரித்திரக்காரர், பெனிக்கியக் குறிப்புகளை (தீரு, சீதோன் இருந்த கடலோரத்துக்கு அந்தக் காலத்துப் பேரு பெனிக்கியா) வச்சு எழுதியிருக்காரு. பதிமூணு வருஷம்! கரையில இருந்த ஊரு போயிருக்கும். தீவு? கப்பல் இல்லாத சேனை கடலைப் பாத்துக்கிட்டு பதிமூணு வருஷம் உக்காந்திருக்கு. கடைசியில ஏதோ உடன்படிக்கை மாதிரி முடிஞ்சிருக்கணும்னுதான் சரித்திரக்காரங்க சொல்றாங்க, தீரு பாபிலோனுக்கு அடங்குச்சு, ஆனா அழியல, கொள்ளை போகல. எசேக்கியேல் 29ம் அதைத்தான் சொல்லுது, மொட்டைத் தலை, உரிஞ்ச தோளு, கூலி இல்ல.

இப்ப அலெக்சாண்டர். இந்தக் கதையைச் சொல்றதுக்கு எனக்கும் ஆசைதான், அந்தப் பிரசங்கியாரைக் குத்தம் சொல்ல முடியாது. கிமு 332. பாரசீகனை விரட்டிட்டு தெற்கே வர்றான், ஒவ்வொரு ஊரா கதவைத் திறந்து விடுது. தீருக்காரங்களும் மரியாதையாத்தான் பேசுனாங்க. இவன் தீவுக்குள்ள இருக்கிற, அந்த ஊர் தெய்வம் மெல்கார்த்தோட கோயில்ல நான் பலி செலுத்தணும்ங்கிறான், அவங்க அதுக்கென்ன, கரையில இருக்கிற கோயில்ல செலுத்திக்கோங்கன்னுட்டாங்க. நாசூக்கா உள்ள வராதன்னு அர்த்தம். அவ்வளவுதான், கரையில இருந்த பழைய தீருவை இடிச்சு, அந்தக் கல்லு, லீபனோன் மரம், மண்ணு எல்லாத்தையும் கடல்ல கொட்டி தீவுக்கே ரோடு போட ஆரம்பிச்சான். கரைப்பக்கம் ஆழம் கம்மி, கிட்ட போகப்போக ஆழம் கூடுது, மதில் மேல இருந்து அம்பு வருது. ரோட்டு முனையில ரெண்டு மரக்கோபுரம் நிறுத்துனான். தீருக்காரங்க ஒரு பழைய கப்பல்ல கீலு, கந்தகம், சுள்ளி எல்லாம் ரொப்பி, பத்த வச்சு, காத்து பாத்து அனுப்பி, ரெண்டு கோபுரத்தையும் கொளுத்திட்டாங்க. மதிலு ஏறி வர்றவன் மேல மணலைப் பழுக்கக் காய்ச்சிக் கொட்டுனாங்களாம், அது கவசத்துக்குள்ள இறங்கிருச்சுன்னா கழட்டவும் முடியாது, நிக்கவும் முடியாது. இவன் ரோட்டை இன்னும் அகலமாப் போட்டான். கடைசியில இவனைக் கரையேத்துனது ரோடு மட்டும் இல்ல, கப்பல்தான். சீதோன் பக்கத்துக் கப்பல் எம்பது சொச்சம், சைப்ரஸ்ல இருந்து நூத்திருபது, எல்லாம் இவன் பக்கம் சாஞ்சிருச்சு. ஏழு மாசத்துல மதிலு உடைஞ்சுது. எட்டாயிரம் பேரைக் கொன்னான், முப்பதாயிரம் பேரை அடிமையா வித்தான்னு அரியன்ங்கிற கிரேக்க சரித்திரக்காரர் எழுதுறாரு.

நம்ம ஊருல தூண்டில் வளைவு போட்டா ஒரு பக்கம் மணல் சேரும்ல, அதே கதைதான் அங்கயும். அவன் போட்ட ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நூத்தாண்டு நூத்தாண்டா மணல் சேந்து சேந்து தீவு கரையோட ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு மேப்ல பாத்தா சூர் தீவு இல்ல, கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மூக்கு. ஒரு படையெடுப்பு மேப்பையே மாத்திருச்சு.

இதைப் படிச்சுட்டு எசேக்கியேல் 26:12ஐப் பாத்தா எவனுக்கும் சிலிர்க்கும். உன் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணிக்குள்ள போடுவாங்கன்னு இருக்கு. அதுவரைக்கும் "அவன் அவன்"னு நேபுகாத்நேச்சாரைச் சொல்லிக்கிட்டு வந்தது, அந்த வசனத்துல "அவர்கள்"னு மாறுது. மூணாம் வசனத்துலயே கடல் அலையை எழுப்புற மாதிரி அநேக ஜாதிகளை உன் மேல வரப்பண்ணுவேன்னு இருக்கு. அதனால அலை அலையா வருவாங்க, முதல் அலை பாபிலோன், அடுத்த அலை கிரேக்கன், கடைசி அலை 1291ல சிலுவைப்போர்க்காரங்ககிட்ட இருந்து ஊரைப் பிடிச்சு இடிச்ச, எகிப்தை ஆண்ட மம்லூக்குங்கன்னு நிறைய கிறிஸ்தவ விளக்கக்காரங்க சொல்லுவாங்க. சும்மா சப்பைக்கட்டுன்னு ஒதுக்கிட முடியாது, "அநேக ஜாதிகள்"ங்கிறது மூலத்துலயே இருக்குதான். ஆனா நடுவுல ஏழாம் வசனத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் பேரு சொல்லி, குதிரை ரதம்னு விவரமா நேபுகாத்நேச்சாரைப் பத்தி இருக்கிறதை இந்த விளக்கம் கரையில இருந்த சின்ன ஊருக்குத் தள்ளி விட்டுருது. பாதி ஒத்துக்கலாம், மீதி எனக்குத் தொண்டையில நிக்குது.

அதுவும் போக "இனிக் கட்டப்படமாட்டாய்"னு ஒண்ணு இருக்கே. அலெக்சாண்டர் போன கொஞ்ச வருஷத்துல, கிமு 315ல, அவனோட தளபதி ஆன்டிகோனஸ் இதே தீருவை பதினஞ்சு மாசம் முற்றுகை போட வேண்டியிருந்துச்சு. அழிஞ்ச ஊருன்னா அவ்வளவு நாள் எதுக்கு? ரோமர் காலத்துல பெரிய குதிரைப் பந்தய மைதானம் கட்டுனாங்க, அந்த இடிபாடு இன்னைக்கும் நிக்குது, 1984ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க.

இதைப் பாத்து முழிச்சது நான் மட்டும் இல்லன்னு தெரிஞ்சப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு. ஜெரோம், லத்தீன்ல பைபிளை மொழிபெயர்த்தவரு, பெத்லகேம்ல உக்காந்துக்கிட்டு 5ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல எசேக்கியேலுக்கு விளக்கவுரை எழுதுறாரு. தீரு அவருக்கு ரொம்பத் தூரம் இல்ல. இனிக் கட்டப்படாதுன்னு இருக்கு, ஆனா இன்னைக்கு பெனிக்கியாவுலயே அழகான பட்டணமா இருக்கே, இது எப்படின்னு அவரே கேக்குறாரு! பழையபடி தனி ராஜாவோட, கடலையே ஆண்ட ராஜ்யமா இனி எழும்பாதுன்னு அர்த்தம் எடுத்துக்கலாம்ங்கிற மாதிரி பதில் சொல்றாரு. கூலி கிடைக்காததுக்கும் ஒரு கதை சொல்றாரு, தீருக்காரங்க பொன்னு வெள்ளி எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திட்டு ஓடிட்டாங்க, உள்ள போனா ஒண்ணும் இல்லன்னு. சரியோ தப்போ, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சபைப் பிதா மறைக்காம கேட்ட கேள்வியை எங்க கன்வென்ஷன் மேடையில கேக்க நேரம் இல்லாமப் போச்சு பாருங்க.

1697ல மான்ட்ரெல்னு ஒரு இங்கிலீஷ் பாதிரியார் அந்தப் பக்கம் பயணம் போனாரு. அப்ப தீரு நிஜமாவே பாழாத்தான் கிடந்துச்சு, இடிஞ்ச மண்டபத்துக்குள்ள ஏழை மீன்காரங்க கொஞ்சப் பேர் குடியிருந்தாங்கன்னு எழுதி வச்சாரு. அதுக்கப்புறம் வந்த தீர்க்கதரிசன புஸ்தகக்காரங்க எல்லாருக்கும் அது அல்வா மாதிரி. எங்க பிரசங்கியார் கத்துன "வெறும் வலை காயப்போடுற இடம்" அந்த 1697 ஊருதான். 1991ல அங்க ஆயிரக்கணக்கான ஜனம் குடும்பம் நடத்திக்கிட்டு இருந்துச்சு, அதை யாரும் அப்டேட் பண்ணல. சரித்திரத்துல நமக்கு வேண்டிய வருஷத்துல போட்டோ எடுத்துட்டு, மத்த வருஷத்துக்கு லென்ஸை மூடிக்கிறோம்.

பீட்டர் ஸ்டோனர்னு கலிஃபோர்னியாவுல ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாரு, அவரு கணக்கு நம்ம மேடைகள்ல இப்பவும் ஓடுது. மேசியாவைப் பத்தின எட்டு தீர்க்கதரிசனம் ஒரே ஆள்ல தற்செயலா நிறைவேற வாய்ப்பு 10இன் அடுக்கு 17ல ஒண்ணாம். டெக்சாஸ் மாநிலம் முழுக்க ரெண்டடி உயரத்துக்கு வெள்ளி டாலரைக் கொட்டி, அதுல ஒண்ணுல அடையாளம் போட்டு, கண்ணைக் கட்டுனவனை எடுக்கச் சொல்ற மாதிரின்னு உவமை. தீருவுக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்காரு. பெருக்கல் தப்பில்ல. பெருக்குறதுக்கு எடுத்த எண்ணுதான் எல்லாம் ஒரு உத்தேசத்துல வச்சது. நான் அக்கவுண்ட்ஸ்ல இருபது வருஷம் இருந்தவன், ஓப்பனிங் பேலன்ஸ் உத்தேசமா இருந்தா குளோசிங் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

தீருவோட இன்னொரு வேடிக்கை, கிறிஸ்தவங்க தீர்க்கதரிசனத்தைப் பத்திப் பேசுறதை அந்தக் காலத்துல ரொம்ப ஆட்டி வச்ச ஆளு இதே ஊர்க்காரன். போர்பிரி, 3ஆம் நூற்றாண்டு, தீருவுல பொறந்த தத்துவக்காரன். தானியேல் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு, இது பாபிலோன் காலத்துல எழுதினது இல்ல, யூதங்களைக் கொடுமைப்படுத்துன கிரேக்க ராஜா அந்தியோகஸ் எப்பிபானேஸ் காலத்துல, கிமு 160கள்ல எழுதினது, 11ஆம் அதிகாரத்துல அவன் காலம் வரைக்கும் அச்சுப் பிசகாம இருக்கிறது ஏற்கனவே நடந்ததுங்கிறதாலதான், அதுக்கு மேல சொன்னது நடக்கலன்னு வாதம் பண்ணான். அவன் புஸ்தகத்தை 448ல ராஜா கட்டளை போட்டு எரிச்சுட்டாங்க. மேற்படி ஜெரோம் தானியேலுக்கு எழுதுன உரையில மறுப்பு சொல்றதுக்காக அவனை வரிக்கு வரி எடுத்துப் போட்டாரு, அதனாலதான் அவன் சொன்னது இன்னைக்கு நமக்குத் தெரியுது. யூனிவர்சிட்டியில தானியேலைப் படிக்கிறவங்க பெரும்பாலும் இன்னைக்கு போர்பிரி சொன்ன காலத்தைத்தான் ஒத்துக்கிறாங்க, நம்ம பக்கத்து சபைகள் ஒத்துக்காது. எனக்கு இதுல முடிவான கட்சி இல்ல. ஆனா எரிச்சவங்களை விட எடுத்துப் போட்டு பதில் சொன்னவருக்குத்தான் விசுவாசம் ஜாஸ்தின்னு தோணும்.

அதே தானியேலை வச்சு நாள் குறிச்சவங்க கதை தனி. எங்க சபை பைபிள் ஸ்டடியில ஒரு சார்ட் தொங்கும், 1,73,880 நாள்னு. தானியேல் 9ல வர்ற எழுபது வாரத்துல 69 வாரம், வாரத்துக்கு ஏழு வருஷம்னு வச்சு 483 வருஷம், வருஷத்துக்கு 360 நாள், எருசலேமைக் கட்டச் சொன்ன கட்டளையில இருந்து இயேசு கழுதை மேல வந்த நாள் வரைக்கும் டாண்ணு. கணக்குப் போட்டவரு சர் ராபர்ட் ஆண்டர்சன், லண்டன்ல ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி, ஜாக் த ரிப்பர்ங்கிற கொலைகாரனைத் தேடுன சமயத்துல துப்பறியும் பிரிவுக்குத் தலைவர். ரிப்பரைப் பிடிக்க முடியல, நாளை மட்டும் பிடிச்சுட்டாரு. (நக்கல்தான், மன்னிச்சிடுங்க. கணக்கு முடியிறது கிபி 32ல, ஆனா சிலுவை மரணத்தை ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் 30 இல்லாட்டி 33லதான் வைக்கிறாங்க.) அவருக்கு முன்னாடி அமெரிக்காவுல வில்லியம் மில்லர், விவசாயி, தானியேல் 8ல வர்ற 2300 நாளை வருஷமா எடுத்து, கிமு 457ல இருந்து எண்ணி, கடைசியில அவரு கூட்டத்துல இயேசு திரும்ப வர்றது 1844 அக்டோபர் 22ன்னு தேதியே குறிச்சுட்டாங்க. ஆயிரக்கணக்கான பேரு காத்திருந்தாங்க, சிலரு வயல்ல அறுவடையைக் கூட விட்டுட்டாங்க. விடிஞ்சுது. ஈராம் எட்சன்னு ஒரு விவசாயி, தீரு ராஜா பேருதான், பொழுது விடியிற வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்தோம்னு எழுதி வச்சிருக்காரு. அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு நக்கல் பண்ணத் தோணல. நம்பி உக்காந்தவன் அழுகை அது.

இத்தனைக்கும் நடுவுல உபதேசியார் தாத்தா கேள்வி எனக்குள்ள கிடந்துக்கிட்டே இருந்துச்சு. ஏன் ரெண்டு ஏட்டையும் வச்சாரு?

கொஞ்சமாச்சும் பிடி கிடைச்சது எரேமியா 26ல. எரேமியா ஆலயத்து முற்றத்துல நின்னு இந்த ஆலயம் பாழாகும்னு சொல்லிட்டாரு, ஆசாரியங்க இவனைக் கொல்லணும்னு பிடிச்சு வச்சிருக்காங்க. அப்ப ஊர்ப் பெரியவங்க கொஞ்சப் பேரு எழும்பி ஒரு பழைய விஷயத்தை எடுக்குறாங்க. யூதா ராஜா எசேக்கியா காலத்துல மீகா தீர்க்கதரிசி இதே மாதிரி சொன்னாரு, சீயோன் வயல் மாதிரி உழப்படும், எருசலேம் மண்மேடாப் போகும்னு. எசேக்கியா அவரைக் கொன்னாரா? பயந்து கர்த்தரைக் கெஞ்சுனாரு, கர்த்தரும் மனசு மாறிட்டாரேன்னு. அதாவது மீகா சொன்னது அப்ப நடக்கல. நூறு வருஷம் கழிச்சு அந்தப் பெரியவங்க மீகாவைப் பொய்க்காரன்னு சொல்லல, அவரு பேச்சு வேலை செஞ்சுதுங்கிறதுக்கு அத்தாட்சியா சொல்றாங்க! நமக்கு இது தலைகீழ். நமக்கு நடந்தாத்தான் தீர்க்கதரிசனம், நடக்கலன்னா ஓட்டை. அவங்களுக்கு அது ஜாதகம் இல்ல, கூப்பிடுறது. அப்பா பெல்ட்டை உருவுறப்ப "இன்னைக்கு உன் தோலை உரிக்கேன்"னு சொல்லுவாரு, நான் ஓடிப்போய்க் காலைப் பிடிச்சுட்டா உரிக்க மாட்டாரு, அதுக்காக அப்பா பொய் சொன்னாருன்னு எவனும் சொல்ல மாட்டான். யோனா புஸ்தகம் மொத்தமும் இதுதான், நாப்பது நாள்ல நினிவே கவிழும்னு சொன்னது கவிழல, அதுக்காக தீர்க்கதரிசி கோவிச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்ததுதான் மிச்சம். எரேமியா 18ல குயவன் வீட்டுல இதையே சட்டமா சொல்லியிருக்கு, ஒரு ஜாதி தன் தீமையை விட்டுத் திரும்புனா நானும் செய்ய நினைச்சதை விட்டுடுவேன்னு.

தீரு மனந்திரும்புச்சுன்னு எங்கயும் எழுதல, அதனால இந்தச் சாவியும் அந்தப் பூட்டுக்குச் சரியாப் பொருந்தாது. எகிப்து விஷயமும் அப்படித்தான், கிமு 568 வாக்குல நேபுகாத்நேச்சார் எகிப்து மேல போனான்னு ஒரு உடைஞ்ச பாபிலோன் களிமண் பலகையில இருக்கு, ஆனா எசேக்கியேல் சொன்ன மாதிரி நாப்பது வருஷம் ஆளில்லாம எகிப்து கிடந்ததா சரித்திரத்துல தடயம் இல்ல. நான் இதையெல்லாம் ஒட்டுப் போட்டு மூடப் போறதில்ல. தீர்க்கதரிசி ரெண்டு ஏட்டையும் வச்சுட்டுப் போயிருக்கிறப்ப, பிரசங்கியார் ஒண்ணைக் கிழிக்கிறதும் தப்பு, நான் இன்னொண்ணைக் கிழிக்கிறதும் தப்பு. அவ்வளவுதான் இப்போதைக்கு என்கிட்ட இருக்கிற பதில், தாத்தா இருந்திருந்தா பாஸ் மார்க் போட்டிருப்பாரான்னு தெரியாது.

ஆனா அந்த வீடியோ வந்த ராத்திரி, பதில் டைப் பண்றதுக்காக 26ஐத் திரும்ப எடுத்தப்ப, முப்பத்து மூணு வருஷமா நான் தாண்டித் தாண்டிப் போன வசனம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ரெண்டாம் வசனம். தீரு மேல இவ்வளவு கோவம் எதுக்கு? விக்கிரகத்துக்காகவா, சாயத்துலயும் வெள்ளியிலயும் சம்பாதிச்சதுக்காகவா? அதெல்லாம் பின்னாடி வருது. முதல் காரணம் ஒரே ஒரு சத்தம். எருசலேம் விழுந்தப்ப தீரு "ஆ ஆ"ன்னு சந்தோஷப்பட்டுச்சாம். ஜனங்களுக்கு வாசலா இருந்த ஊரு இடிஞ்சுது, இனி நான் ரொம்புவேன்னுச்சாம். பக்கத்து ஊரு எரியிறதைப் பாத்து ஒருத்தன் சந்தோஷப்பட்டான், அதுக்குத்தான் மதிலு, வலை, வெறும் பாறை எல்லாம்.

நான் போனைப் பாத்தேன். பதினாலு ஆமென் இப்ப பத்தொம்பது ஆயிருந்துச்சு.

சூர்ல இன்னைக்கு ஜாஸ்தி ஷியா முஸ்லிமுங்க. மீன்பிடி துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய தெரு இருக்கு, அங்க கிறிஸ்தவங்க இருக்காங்க, மரோனைட், மெல்கைட் சபைங்க. துறைமுகத்து போட்டோ தேடிப் பாத்தா கலர் கலரா படகு, கரையில மஞ்சள் வலை. எங்க அப்பா கடையில வித்த அதே கலரு. அந்த மஞ்சள் எழுத்து வீடியோவுல புகை எழும்பினது எந்தத் தெருவுலன்னு யாரும் கேக்கல.

இயேசுவே அந்தப் பக்கம் போயிருக்காரு. தீரு எல்லையில ஒரு வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கப் பாத்தாரு, முடியல, மகளுக்காக ஒரு அம்மா வந்து மேசைக்குக் கீழ நாய்க்குட்டிக்கு விழுற துணிக்கை போதும்னு வாதாடி ஜெயிச்சா. சங்கீதம் 87ல கர்த்தர் பேரேட்டுல எழுதுற ஊர்ப் பட்டியல்ல தீருவும் இருக்கு. ஏசாயா 23ல, எழுபது வருஷம் கழிச்சு தீரு திரும்ப வியாபாரம் பண்ணும், அந்த லாபம் கர்த்தருக்குப் பரிசுத்தமா இருக்கும்னு வேற போட்டிருக்கு, எசேக்கியேலோட இதை எப்படிச் சேக்கிறதுன்னு கேட்டா அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுதணும்.

அப்போஸ்தலன் பவுல் கடைசியா எருசலேமுக்குப் போற வழியில கப்பல் சரக்கு இறக்கத் தீருவுல நிக்குது. அங்க சீஷங்க இருக்காங்க. ஏழு நாள் தங்குறாரு. அவங்க ஆவியில ஏவப்பட்டு எருசலேமுக்குப் போகாதன்னு சொல்றாங்க, தீர்க்கதரிசனம்தான் அதுவும். இவரு கேக்கல, கிளம்புறாரு. கோவிச்சுக்கல அவங்க. பொண்டாட்டி பிள்ளைகளோட ஊருக்கு வெளியில வரைக்கும் வழியனுப்ப வர்றாங்க, கடற்கரையில எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றாங்க. சின்னப் பிள்ளைங்க முழங்கால்ல மணல் ஒட்டியிருக்கும். பக்கத்துல எங்கயாச்சும் வலையும் காஞ்சிருக்கும், கடற்கரைதானே. அப்புறம் இவங்க கப்பல் ஏறுனாங்க, அவங்க தங்கள் வீடுகளுக்குத் திரும்பிப் போனாங்கன்னு முடியுது.

டைப் பண்ண நீளப் பதிலை அழிச்சுட்டு அந்த ரெண்டு வசனத்தை மட்டும் குரூப்ல போட்டேன், அதிகாரம் நம்பர் எதுவும் போடல. யாரும் ஆமென் போடல. காலையில ஆறு மணிக்கு, வாக்கிங் போறதுக்கு முன்னாடின்னு நினைக்கேன், சித்தப்பாகிட்ட இருந்து வந்துச்சு.

"இது எந்த ஊருலே?"

"அதே ஊருதான் சித்தப்பா."